பாடமும் போட்டியும் ஆடுகளமும்: இரண்டாம் பருவத்தில் நம் பிள்ளைகள்

(ஜமாஅத் கல்விக் குழு ஏற்பாடு செய்த பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் பருவத்தைப் பற்றிப் பேசுமாறு கல்விக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். தமிழகத்தில் ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து காலாண்டுத் தேர்வு வரையிலான காலத்தை முதல் பருவம் என்கிறோம். அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் அரையாண்டுத் தேர்வோடு முடிவது இரண்டாம் பருவம். அதன்பின் எஞ்சியிருப்பது ஆண்டுத் தேர்வுக்கான ஓட்டமே. மூன்றிலும் வேலை மிகுந்தது இந்த நடுப்பருவம். பெற்றோரின் மனக்குறைகள் அதிகம் எழுவதும் இதில்தான்.

அந்தக் குறைகள் இரண்டு வகை. "எந்நேரமும் போட்டி, விழா, கண்காட்சி என்றால் பிள்ளை எப்போது படிப்பது?" என்பது ஒன்று. "எந்நேரமும் தேர்வு, தேர்வு என்றால் பிள்ளை என்ன ஆவது?" என்பது மற்றொன்று. சில வேளைகளில் ஒரே வீட்டில் தந்தை முதலாவதையும் தாய் இரண்டாவதையும் சொல்வதுண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எனினும், இப்பருவத்தில் பள்ளிக்குள் என்ன நடக்கிறது, அது ஏன் நடக்கிறது என்பதை முழுமையாக அறிந்துகொண்டால் இவ்விரு குறைகளும் பெருமளவு நீங்கிவிடும் என்பது என் நம்பிக்கை.

முதலில் நாட்களின் கணக்கைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலை நாட்கள் வேண்டும் என்கிறது. இரண்டாம் பருவம் மூன்று மாத காலம் என்று சொல்லப்பட்டாலும், கையில் கிடைப்பது அவ்வளவு இல்லை. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்வது. மழை விடுமுறை, பண்டிகை விடுமுறை, தேர்வு நாட்கள் ஆகியவற்றைக் கழித்துவிட்டால் பாடம் நடத்தக் கிடைக்கும் நாட்கள் சுருங்கிவிடுகின்றன. இந்தக் குறுகிய காலத்திற்குள்தான் நவம்பரில் இரண்டாம் இடைப்பருவத் தேர்வும் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் வருகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வு என்பது பொதுத் தேர்வின் ஒத்திகை. இப்படிப்பட்ட பருவத்தில், உறவினர் வீட்டு நிகாஹுக்காக நான்கு நாள், அதன் விருந்துக்காக இரண்டு நாள் என்று பிள்ளையை நிறுத்திவிட்டால், இழப்பு ஆறு நாளோடு நிற்பதில்லை. இயற்கணிதத்தில் ஒரு படி தவறிய பிள்ளைக்கு அடுத்த படியும் விளங்காது. அதற்கடுத்த படி வரும்போது, "எனக்குக் கணக்கு வராது" என்று அப்பிள்ளை தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது.

அடுத்து, அடிக்கடி நடைபெறும் சிறு தேர்வுகள். இவை பிள்ளைகளை வருத்துவதற்கென ஏற்பட்டவை என்று பலர் கருதுகின்றனர். மனித நினைவைப் பற்றி 1885ஆம் ஆண்டிலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு ஆய்வு நடத்தினார். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே மறந்துபோகிறது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்று அவர் கண்டார். 2006இல் அமெரிக்காவைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினர். ஒரு பகுதியைத் திரும்பப் படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 42 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். அதே பகுதியை ஒருமுறை படித்துவிட்டு, நூலை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ 56 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். நூலை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பது நம் மக்தப்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் முறையே அன்றோ! வகுப்பில் நடக்கும் பத்து மதிப்பெண் தேர்வின் பயனும் அதுவே. ஆகவே பெற்றோர்களே, மாலையில் பிள்ளை வந்ததும் "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "இன்று படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல், கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். அதற்கு நீங்கள் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. காது கொடுத்தால் போதும்.

இனி, வகுப்பறைக்கு வெளியே நடப்பவை. அக்டோபர் 15 அப்துல் கலாம் அவர்களின் பிறந்த நாள். நவம்பர் 11 மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் பிறந்த நாள். சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சரான அவருடைய பிறந்த நாளை 2008 முதல் தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடுகிறோம். நவம்பர் 14 குழந்தைகள் தினம். நவம்பர் 26 அரசியலமைப்பு நாள். இவற்றையொட்டிப் பேச்சு, கட்டுரை, ஓவியம், வினாடி வினா எனப் போட்டிகள் நடைபெறுகின்றன. அறிவியல் கண்காட்சி நடைபெறுகிறது. அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு கலைத் திருவிழா தொடங்கப்பட்டபோது, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக மேலே செல்லும் ஏணி ஒன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

இவற்றால் படிப்புக் கெடுகிறதா? கண்காட்சிக்காக ஒரு மின்சுற்றைத் தன் கையால் அமைக்கும் மாணவன், எங்கே கம்பி அறுந்தால் விளக்கு அணையும் என்பதை விரலால் அறிகிறான். பத்து வரி மனப்பாடம் தராத தெளிவு அது. மேடையில் மூன்று நிமிடம் பேசப் பழகிய மாணவி, பின்னாளில் கல்லூரி நேர்காணலில் தலைகுனிந்து நிற்கமாட்டாள். வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, எந்தப் பாடத்திலும் பெயர் எடுக்காத பிள்ளை ஓவியத்தில் பரிசு பெற்ற மறுநாள் முன்வரிசைக்கு வந்து அமர்வதை எத்தனையோ ஆசிரியர்கள் கண்டிருக்கின்றனர். எனினும் அளவு வேண்டும். ஒரே பிள்ளை ஆறு போட்டிகளில் பெயர் கொடுப்பது முறையன்று. ஒன்றோ இரண்டோ போதும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நவம்பர் நடுப்பகுதிக்குள் இவற்றை முடித்துக்கொள்வது நலம்.

விளையாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் விளையாட்டைப் பொழுதுபோக்காகவே எண்ணுகிறோம். கல்வி உரிமைச் சட்டமோ விளையாட்டுத் திடலையும் விளையாட்டுக் கருவிகளையும் பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அந்நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, 146 நாடுகளில் 11 முதல் 17 வயதுடைய மாணவர்களில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை என்கிறது. ஆண் பிள்ளைகளில் 78 விழுக்காடு, பெண் பிள்ளைகளில் 85 விழுக்காடு. கைப்பேசி நம் வீடுகளுக்குள் வந்த பிறகு இந்நிலை எப்படியிருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பள்ளி விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிக்கப்பட்டு, குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடத்தப்படுகின்றன. குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள், பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் என்று அவற்றிற்குப் பெயர். கோ-கோ ஆட்டத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். எட்டுப் பேர் குந்தியிருப்பார்கள், ஒன்பதாமவர் துரத்துவார். முதுகில் கை பட்டு "கோ" என்ற குரல் கேட்கும்வரை குந்தியிருப்பவர் எழக்கூடாது. கேட்ட கணமே பாய்ந்தாக வேண்டும். தன் முறை வரும்வரை விழிப்போடு காத்திருக்கவும், வந்தபின் தயங்காதிருக்கவும் இதைவிடச் சிறந்த பயிற்சி எந்த வகுப்பில் கிடைக்கும்? தோற்றவர் வென்றவரின் கையைக் குலுக்கிவிட்டு வரும் பழக்கமும் அங்கேதான் வருகிறது. பயன் என்று பார்த்தாலும், பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கெனத் தனிப்பிரிவு உண்டு என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

இங்கே தாய்மார்களிடமும் தந்தையரிடமும் ஒன்றை வெளிப்படையாகக் கேட்க விரும்புகிறேன். எட்டாம் வகுப்பு வரை ஓடி விளையாடிய பெண் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் ஏன் திடலின் ஓரத்தில் நிற்கிறாள்? உடை பற்றிய தயக்கம் என்றால் பள்ளியோடு பேசித் தீர்க்கலாம். முழுக்கை மேலாடையும் முழுக்கால் உடையும் அணிந்து ஆடுவது இன்று எங்கும் காணக்கூடியதே. பயணம் பற்றிய கவலை என்றால் பெண் ஆசிரியர் உடன்வரக் கேட்கலாம், தாயார் ஒருவரும் உடன் செல்லலாம். 2024ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா, சென்னையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். ஒரு குடும்பம் மகளின் பின்னால் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு நம் காலத்திலேயே கிடைத்த சான்று அவர்.

அடுத்து, பலரும் அறியாமல் தவறவிடும் ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வு 2008 முதல் நடைபெற்று வருகிறது. மனத்திறன் தேர்வு, படிப்பறிவுத் தேர்வு என இரு தாள்கள். இதில் தேர்வு பெறும் மாணவருக்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சத்திற்கு மிகாதிருக்க வேண்டும். பிள்ளை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் பொதுவாக 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். சிறுபான்மையினருக்கான ஒன்றிய அரசின் கல்வி உதவித்தொகை 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2022இல் நிறுத்தப்பட்ட பிறகு, இத்தேர்வின் முக்கியத்துவம் நமக்கு இன்னும் கூடியிருக்கிறது. அறிவிப்பு வந்த சில வாரங்களிலேயே விண்ணப்பக் காலம் முடிந்துவிடும். வருமானச் சான்று கையில் இல்லாத ஒரே காரணத்தால் தகுதியுள்ள பிள்ளை விண்ணப்பிக்க முடியாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு!

இன்னொன்று. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020இல் வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளையைப் பக்கத்து வீட்டாரைப் பார்த்து இடையில் வேறு பள்ளிக்கு மாற்றுவதற்கு முன் இதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பத்தாம் வகுப்போடு மகனைக் கடைக்கு அனுப்பும் தந்தையும், மகளை வீட்டில் நிறுத்தும் தந்தையும் இந்த வாசலைத் தம் கையாலேயே சாத்திவிடுகிறார்கள்.

நிறைவாக, நம் ஜமாஅத்தின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் காலையில் சிறப்பு வகுப்பு நடக்கும் மாதங்களில், அப்பிள்ளைகளுக்கு மட்டும் மக்தப் நேரத்தை மாலைக்கு மாற்றித் தாருங்கள். மார்க்கக் கல்வியா, பள்ளிக் கல்வியா என்று ஒரு பிள்ளை திண்டாடும் நிலை வரக்கூடாது.

இரண்டாவது, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் திருத்தம் ஆகியவற்றிற்கு உதவும் முகாம் ஒன்றை நடத்துங்கள். படித்த இளைஞர்கள் நான்கு பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினால் போதும்.

மூன்றாவது, அரையாண்டுத் தேர்வு நடக்கும் நாட்களில் இரவு எட்டு மணிக்குமேல் திருமண மண்டபத்திலும் தெருவிலும் ஒலிபெருக்கியை நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் அமர்ந்து படிக்க மண்டபத்தின் ஒரு பகுதியைத் திறந்துவிடுங்கள்.

நான்காவது, நிகாஹ் தேதி குறிக்க வரும் குடும்பத்தாரிடம், தேர்வு நாட்களைத் தவிர்க்குமாறு அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். ஜமாஅத் அலுவலகச் சுவரில் பள்ளி நாட்காட்டி ஒன்றைத் தொங்கவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஐந்தாவது, ஆண்டு விழாவில் முதல் மதிப்பெண் பெற்றவருக்குப் பரிசு கொடுக்கிறோம். நன்று. அதோடு, ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்கும், குறுவட்டப் போட்டியில் ஓடிய பிள்ளைக்கும், கடந்த ஆண்டைவிட இவ்வாண்டு முன்னேறிய பிள்ளைக்கும் ஒரு பரிசு கொடுங்கள். முதலிடம் ஒருவருக்குத்தான் கிடைக்கும், முன்னேற்றம் எல்லோருக்கும் இயலும்.

இவை எவற்றிற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. நாட்களைக் கணக்கிடும் கவனமும், பிள்ளை சொல்வதைக் கேட்கும் பொறுமையும் இருந்தால் போதும். பாடம் நடத்துவது ஆசிரியர் பொறுப்பு. பிள்ளையை நாள் தவறாமல், வயிறு நிறைய உண்ணச் செய்து, போதிய உறக்கத்தோடு பள்ளி வாசலில் கொண்டுவந்து சேர்ப்பது நம் பொறுப்பு. அப்பொறுப்பை இந்த அக்டோபரிலிருந்தே ஏற்போம்.