அன்னபூரணிக்கு எழுதப்பட்ட இன்னொரு பெயர்

(பாரிசு லா சப்பல், ரூ காய் பகுதியில் பெற்றோரும் இளையோரும் கூடிய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



ரூ காய் வீதியில் மரக்கறிக் கடைக்கும் புடவைக் கடைக்கும் இடையே நடந்து செல்லும் ஒரு பிள்ளையிடம், தமிழர் மேற்குலகிற்கு எவ்வாறு வந்தனர் என்று வினவினால், 1983ஆம் ஆண்டின் இனப்படுகொலைக்குப் பின் ஏதிலிகளாக வந்தனர் என்ற விடையே கிடைக்கும். அவ்விடை மெய்யானது. ஆயினும் அதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்னரே, தம் ஊரில் கட்டிய பாய்க்கப்பலில் அத்திலாந்திக்கைக் கடந்த தமிழர் இருந்தனர்.

வில்லியம் ஆல்பேட் ராபின்சன் என்ற அமெரிக்கர், 1928 முதல் 1931 வரை 'சுவாப்' என்னும் சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றியவர். பின்னர் மனைவி புளோரன்சுடன் அதே படகில் கலபகோசுத் தீவுகளுக்குச் சென்றார். 1934இல் அங்கே குடல்வால் நோயால் அவர் உயிருக்குப் போராடியபோது, அமெரிக்க விமானங்களும் போர்க்கப்பலும் பனாமாவிலிருந்து விரைந்து அவரைக் காத்தன. ஆனால் படகு அவர்களுக்கு மீளவில்லை.

அவர் அடுத்து வாங்கிய கப்பல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பிறந்தது. வேப்பமரத்தால் கட்டப்பட்ட, 89 அடி நீளமான, இயந்திரமற்ற அக்கப்பலின் பெயர் அன்னபூரணி அம்மாள். ராபின்சன் தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். அன்னபூரணி, 'புளோரன்சு சி. ராபின்சன்' ஆனாள்.

1937இல் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகளும் அதனைச் செலுத்திப் புறப்பட்டனர். ஏடன், செங்கடல், சுயெசு, மத்தியதரைக் கடல், சிப்ரால்டர், பெர்முடா ஆகியவற்றைக் கடந்து, 1938 ஆகத்து 1ஆம் நாள் மசாசூசெட்சு மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர். பர்மாவுக்கும் தமிழகத்துக்கும் கப்பலோட்டிய ஊரின் தலைமுறை அறிவே அவர்களுக்குத் துணை நின்றது.

கப்பலை வாங்கியவர் பெயர் மாற்றுவது அவரது உரிமை. அதில் குறை காண்பதற்கில்லை. ராபின்சன் தம் பயணங்களைத் தாமே நூல்களாக எழுதினார். அதனால் அவை நிலைத்தன. தண்டையல் தம்பிப்பிள்ளையின் பெயரோ பெரிதும் ஊராரின் நினைவிலேயே தங்கியது. ஊர் சிதறும்போது நினைவும் சிதறும் என்பதே இன்று அஞ்சவேண்டியது.

பெற்றோரே, பிள்ளைகளுக்கு இழப்பை மட்டும் மரபுரிமையாக விட்டுச் செல்லாதீர்கள். கடலை அறிந்த ஆற்றலையும் சொல்லிக் கொடுங்கள். இளையோரே, பாடசாலை வரைபடத்தில் வல்வெட்டித்துறையிலிருந்து குளொஸ்டர் வரை விரலால் ஒரு கோடு வரைந்து பாருங்கள். பின்பு வீட்டிலுள்ள அம்மம்மாவிடம், அப்பப்பாவிடம், அவர்தம் பெற்றோர் என்ன தொழில் செய்தனர், எந்தக் கரைகளைக் கண்டனர் என்று கேளுங்கள். பெயரையும் ஆண்டையும் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி வையுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே அதனைச் செய்யுங்கள்.