பட்டத்துக்குப் பிறகு என்ன?

(கொக்கிளாயில் பல்கலைக்கழக மாணவர்களும் பெற்றோரும் கூடிய சந்திப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் எமது சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



தேயிலை மலையிலிருந்து வந்தவருக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நமக்குள் பழைய உறவு இருக்கிறது. 1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட எங்கள் சனங்களில் பல குடும்பங்கள் வன்னியில்தான் வந்து குடியேறின. கென்ட் பண்ணை, டொலர் பண்ணை என்ற பெயர்கள் இங்குள்ள பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1984இல் அங்கிருந்தும் அவர்களைக் கிளப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களும் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தது. போர் முடிந்த பிறகுதான் நீங்கள் திரும்பினீர்கள். ஆகவே லயத்துப் பிள்ளையும் வாடிப் பிள்ளையும் கெம்பஸில் சந்தித்தால் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள அதிக நேரம் எடுக்காது.

நான் படித்தது வவுனியா வளாகத்தில். 2021இல் அது தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. ஒரு மடிக்கணினியை நான்கு பேர் முறை வைத்துப் பாவித்தோம். மகாபொலக் காசில் பாதியை வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகள் எங்களோடு இருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் 'ஹட்டன் பக்கம்' என்று முடித்துக்கொள்பவர்களும் இருந்தார்கள். நாலாம் வருடம் வரும்போது அந்தக் கூச்சம் பலருக்குப் போய்விட்டது. ஒரு கடதாசியைக் கடைசி வரி வரை வாசிக்கவும், எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்கவும் பழகியிருந்தோம். பாடத்தைவிட அதுதான் பெரிய படிப்பு.

கஷ்டம் தொடங்குவது கடைசிப் பரீட்சை முடிந்து வீட்டுக்குப் பஸ் ஏறும் நாளில். 'எப்போது நியமனம்?' என்று ஊரே கேட்கும். அரசாங்க வேலை கேட்பது பிச்சை அல்ல, அது உரிமை. இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்தான். அந்த இடைவெளிக்கு அரசாங்கம் இன்னும் பதில் சொல்ல வேண்டும். 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது. 2020இல் நாடு முழுக்கப் பல்லாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தார்கள், மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில். ஆனால் 2017இல் வெளியேறியவருக்கு அதற்குள் மூன்று வருடம் போய்விட்டது.

அந்த மூன்று வருடத்தைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். வேலைக்காகப் போராடுங்கள், விண்ணப்பம் போடுங்கள். ஆனால் சும்மா காத்திருக்காதீர்கள். வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைக்குப் படித்ததும் மறக்கும், மனமும் உடையும். பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு அந்த இடைவெளிக்குள் நுழைந்துவிடும்.

படித்தவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வன்னியிலேயே உதாரணம் உண்டு. டேவிட் ஐயா கட்டடக் கலைஞர், வெளிநாட்டில் படித்து வெளிநாட்டில் வேலை பார்த்தவர். இராஜசுந்தரம் வைத்தியர். நல்ல வருமானத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர்கள் 'காந்தியம்' அமைப்பைத் தொடங்கி, விரட்டப்பட்டு வந்த மலையக மக்களைக் குடியமர்த்தினார்கள், பாலர் பாடசாலைகள் நடத்தினார்கள். 1983இல் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். எல்லோரும் அவர்களைப் போல உயிரைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நமக்கு எந்த வேலை காலியாக இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், நம் சனத்துக்கு எந்த வேலை செய்யப்படாமல் கிடக்கிறது என்றும் அவர்கள் பார்த்தார்கள். அதை நாமும் செய்யலாம்.

தோட்டத்தில் அப்படிக் கிடக்கும் வேலை ஒன்றைச் சொல்கிறேன். 2024 செப்டெம்பரில் நாட் சம்பளத்தை 1350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். அந்தச் சம்பளத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம், அதாவது 108 ரூபா, பிடிக்க வேண்டும். கம்பனி 12 வீதம், 162 ரூபா, போட வேண்டும். 25 பேர் விழுந்த மாதத்தில் இரண்டும் சேர்ந்து 6750 ரூபா. நம்பிக்கை நிதிக்குக் கம்பனி தரும் 3 வீதம் வேறு. இது ஒழுங்காகக் கணக்கில் ஏறியதா, முழுப் பேர் விழ வேண்டிய இடத்தில் அரைப் பேர் விழுந்ததா என்று சம்பளத் துண்டைப் பார்த்துச் சொல்ல எத்தனை லயத்தில் ஆள் இருக்கிறது? இங்கே உங்களுக்கும் காணி உறுதி, அனுமதிப்பத்திரம், திணைக்களக் கடிதம் என்று எத்தனை கடதாசி! பல கடிதங்கள் சிங்களத்திலேயே வருகின்றன. அதை வாசிக்க ஒரு பட்டதாரி வேண்டாமா?

ஆகவே தம்பி தங்கச்சிமாரே, மூன்று விஷயம். ஒன்று, காத்திருப்புக்கு ஒரு கெடு வையுங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ, நாளைக் குறித்து வீட்டாரிடம் சொல்லுங்கள். இரண்டு, அதற்குள் கிடைக்கும் தனியார் வேலையைக் கேவலம் என்று தள்ளாதீர்கள். வீட்டில் அடகு வைத்த நகை இருந்தால் முதலில் அதை மீட்க உழையுங்கள். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனாலும் அது துரோகம் இல்லை. சிங்களமும் ஆங்கிலமும் கைவசம் வையுங்கள். மூன்று, எங்கே இருந்தாலும் வாரத்தில் இரண்டு மணித்தியாலம் ஊருக்குக் கொடுங்கள். சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுங்கள், ஒரு தாயின் சம்பளத் துண்டை வாசித்துக் காட்டுங்கள், தொலைபேசியிலாவது ஒரு விண்ணப்பம் நிரப்ப உதவுங்கள்.

பெற்றோரே, பிள்ளை அரசாங்க உத்தியோகம் எடுத்தால்தான் மரியாதை என்று அவர்கள் தலையில் சுமை ஏற்றாதீர்கள். நீங்கள் கொழுந்துக் கூடை சுமந்தும் கரைவலை இழுத்தும் படிக்க வைத்தது, பிள்ளை இன்னொருவர் தயவுக்குக் காத்து நிற்பதற்காக இல்லை.

எங்கள் தோட்டங்களில் பட்டம் முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இதை வாசித்தால், அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். கதிரை போட்டு உட்கார வைத்துப் பாராட்டுவதற்காக அல்ல. மேசையில் வாசிக்கப்படாத கடதாசி நிறையக் கிடக்கிறது.