கிருமி செத்தபின்னும் வடியாத நீர்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் மலக்கழிவைப் பற்றிப் பேச்சா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் வரிசையில் நின்று பூச்சி மருந்து விழுங்கிய பிள்ளைகள்தானே நாங்கள்! அந்த வட்டப்புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வைத்தியர்களாகிய நாங்கள் வயிற்றுக்கு மருந்து கொடுக்கிறோம். கழிவுக்கும் ஒரு வைத்தியம் வேண்டும்.

ஜேர்மனியில் 1970களில் வளர்ந்த முறை ஒன்று உண்டு. கழிவுநீர் நிலையத்தில் சேரும் சேற்றைத் தடிப்பாக்கி, வெப்பம் வெளியேறாத தொட்டியில் இட்டுக் காற்றை ஊட்டுவார்கள். சேற்றை நுண்ணங்கிகள் உண்ணும்போது பிறக்கும் வெப்பமே தொட்டியை 55 பாகை செல்சியசுக்கு மேல் கொண்டுபோகும். 55 முதல் 60 பாகையில் சராசரியாக 10 நாள்கள் வைப்பதை, நோய்க்கிருமிகளை ஒழிக்கும் முறைகளுள் ஒன்றாக அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டு விதி ஏற்றிருக்கிறது.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. விடுதியில் சோறு வடித்தது நினைவிருக்கிறதா? பதத்தில் இறக்கினால் கஞ்சி கடகடவென்று வடியும். குழைய விட்டால் கூழாகிச் சொட்டவும் மாட்டாது. சேறும் அப்படித்தான். சூட்டில் நுண்ணங்கிகளின் கலங்கள் உடைந்து, புரதமும் பல்சக்கரைட்டும் நீரில் கலக்கின்றன. அந்தச் சூட்டில் அமோனியத்தை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் வாழா. ஆகவே அமோனியம் பெருகுகிறது. துகள்களைக் கோத்து வைத்திருந்த கல்சியம், மக்னீசியத்தின் இடத்தை அது பிடிக்க, துகள்கள் சிதறி வடியைத் தூர்க்கின்றன. நீரைப் பிரிக்கச் சேர்க்கும் பொலிமரும் கூடுதலாக வேண்டும்.

இதில் என்ன நட்டம்? 1 தொன் உலர்ந்த கழிவு, 20 வீதம் திண்மமாக வடிந்தால் 5 தொன் சுமை. 10 வீதமென்றால் 10 தொன். லொறியும் செலவும் இரட்டிப்பு.

இதற்கும் பரிகாரம் உண்டு. சூடான சேற்றை இன்னொரு தொட்டியில் ஏறத்தாழ 35 பாகைக்கு ஆறவிட்டு மறுபடி காற்றூட்டினால், வேறு நுண்ணங்கிகள் வந்து கரைந்த புரதத்தை உண்ணும், அமோனியமும் குறையும். சில இடங்களில் இரும்பு, அலுமினிய உப்புகளும் சேர்ப்பார்கள்.

சுண்ணக்கல் நிலத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருக்கும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். வடித்த நீரிலுள்ள அமோனியம் மண்ணில் நைத்திரேற்றாகிக் கிணற்றை அடைந்தால், அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் பச்சிளம் குழந்தைக்கு ஆபத்து. இதுவரை நாங்கள் “கிருமி செத்ததா?” என்று மட்டுமே கேட்டு வந்தோம். அது அரைக் கேள்வி. எங்கள் ஊருக்கு எந்தத் திட்டம் வந்தாலும் “நீர் வடிந்ததா? வடிந்த நீர் எங்கே போகிறது?” என்றும் சேர்த்துக் கேட்போம். கேள்வி கேட்கப் பழக்கியது இந்தப் பள்ளிக்கூடம்தானே.