கட்டத்துக்குள் அடங்காத கோடுகள்

(தொப்பம்பட்டியில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, படக்கதைன்னாலே நமக்கு இரும்புக்கை மாயாவிதான் ஞாபகம். பாடப்புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வச்சுப் படிச்சவங்க இங்கே நிறையப் பேர் இருப்பீங்க. அதில் நம்ம தெரு கிடையாது, நம்ம குடம் கிடையாது.

அமெரிக்காவில் 1937லேயே ஜாக்கி ஓர்ம்ஸ் என்ற கறுப்பினப் பெண், கறுப்பர் பத்திரிகையான பிட்ஸ்பர்க் கூரியரில் தொடர் படக்கதை வரைந்தார். கறுப்புப் பெண் என்றால் வேலைக்காரியாக மட்டுமே வரையப்பட்ட காலம் அது. நம்ம பக்கத்தில் அந்த இடத்தில் நான் வைப்பது துர்காபாய் வியாமை.

மத்தியப்பிரதேசம், மாண்ட்லா மாவட்டம், பர்பஸ்பூர். பர்தான் கோண்டு பழங்குடி. பள்ளிக்கூடம் போனதில்லை. சின்ன வயசிலேயே கல்யாணத்துக்கும் அறுவடைக்கும் சுவரில், தரையில் 'திக்னா' போடக் கற்றவர். நம்ம ஊர் கோலம் மாதிரின்னு வச்சுக்குங்க. அதே கோட்டை ஆம்பளை காகிதத்தில் போட்டா ஓவியம். பொம்பளை வாசலில் போட்டா வீட்டுவேலை. இந்தக் கணக்கு நம்மகிட்டயும் உண்டு.

2011ல் நவயானா வெளியிட்ட 'பீமாயணா'வை, கணவர் சுபாஷ் வியாமோடு சேர்ந்து வரைந்தார். அம்பேத்கர் பட்ட தீண்டாமைக் கொடுமைகள்தான் கதை. எழுதியவர்கள் ஸ்ரீவித்யா நடராஜன், எஸ்.ஆனந்த். வழக்கமான கட்டங்கள் அதில் இல்லை. மனுசங்களைப் பெட்டிக்குள் அடைக்க இவர்கள் சம்மதிக்கவில்லை. திக்னாவின் வளைவுகளே பக்கத்தைப் பிரிக்கின்றன. பேச்சுக் குமிழிகளைப் பாருங்க: அன்பாகப் பேசுகிறவர் சொல் பறவை வடிவில், சாதித்திமிர் பேசினால் தேள் கொடுக்கோடு. விளக்கம் வேணுமா? கொட்டு வாங்கினவங்களுக்குத் தெரியும்.

1901ல் அப்பாவைப் பார்க்கப் போன சிறுவன் பீமுக்கு வழியில் தண்ணி கிடைக்கல. அந்தத் தாகத்தில் அவன் உடம்பே மீனாகிறது. 1927 மகத் குளப் போராட்டம் வருகிறபோது, அம்பேத்கர் பேசுகிற ஒலிபெருக்கியிலிருந்து தண்ணீர் கூட்டத்தின் மேல் கொட்டுகிறது. நூறு துண்டறிக்கை எழுதியும் நாம் சொல்ல முடியாததை ஒரு பக்கத்தில் சொல்லியிருக்கிறார்.

வரைஞ்சது பழங்குடிதானே, தலித் இல்லையேன்னு ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நாம் கோண்டுகளுக்காக எத்தனை கூட்டம் போட்டிருக்கோம்? அந்தம்மா நம்ம தாகத்தை வரைஞ்சிருக்காங்க.

2022ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சரி, கொடுக்கட்டும். எனக்கு முக்கியம் வேற. இரட்டைக் குவளையை, ஊர்க்கிணற்றை, காலனிக்கு வராத குழாயை யார் வரையப் போறா? அடுத்த கூட்டத்துக்குக் கோலம் போடுற அக்கா தங்கச்சிகளைக் கூட்டிட்டு வாங்க. சார்ட் பேப்பர் நான் வாங்கிட்டு வர்றேன்.