காவலன் மயங்கினால்



நான் தலைமை ஆசிரியனாயிருந்தபோது ஒரு மாணவி அடிக்கடி பள்ளிக்கு வரமாட்டாள். மூட்டு வலி என்பாள். வெயிலில் நின்றால் கன்னங்கள் சிவக்கும். சோம்பல் என்றெண்ணிக் கடிந்துகொண்டேன். அது லூப்பஸ் என்னும் நோய் எனப் பின்னரே அறிந்தேன்.

நம் உடலில் கிருமிகளை எதிர்க்கும் காவற்படை ஒன்றுண்டு. அது புரியும் போரில் எழும் வெம்மையும் வீக்கமுமே அழற்சி எனப்படும். லூப்பஸ் நோயில் அப்படை தன் உடலையே தாக்குகின்றது. தோலும் மூட்டுகளும் சிறுநீரகமும் வருந்துகின்றன.

இதன் காரணம் யாது? பெரும்பாலோரிடத்துப் பல மரபணுக்களும் சூழ்நிலையும் கூடியே இந்நோயை விளைவிக்கின்றன. ஆயின், ஒரே எழுத்துப் பிழையும் போதும் என்பதை 2022-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டிற்று. ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்திக்கு 7 வயதிலேயே லூப்பஸ் கண்டது. கரோலா வினுவேசா அம்மையாரின் குழுவினர் அவளுடைய மரபணுக்களை ஆராய்ந்து, டி.எல்.ஆர். 7 என்னும் மரபணுவில் பிறழ்வு இருக்கக் கண்டனர். வைரஸின் ஆர்.என்.ஏ.வைக் கண்டு எச்சரிக்கும் வாயிற்காவலனை ஆக்குவது அம்மரபணுவே. பிறழ்வினால் அக்காவலனின் கூருணர்வு அளவு கடந்தது. உடலின் சொந்த ஆர்.என்.ஏ.வையும் பகையென மயங்கிக் கூக்குரலிட்டான். அது கேட்ட பி அணுக்கள் உடலுக்கே எதிரான எதிர்ப்பொருள்களைச் சுரந்தன; அழற்சி மூண்டது. அதே மாற்றத்தைப் புகுத்திய எலிகளும் லூப்பஸ் போன்ற நோயுற்றன.

காரணம் தெளிந்தால் மருந்துக்கு வழி பிறக்கும். மயங்கிய அக்காவலனை மட்டும் அடக்கும் மருந்துகளை அறிஞர் நாடுகின்றனர்.

அக்காவலனைப் போலவே நானும் அன்று குற்றமற்ற ஒருத்தியைக் குற்றவாளியாகக் கருதினேன். நீங்கள் அவ்வாறு மயங்காதீர்கள்.