மனம் நொந்தோர் எவரிடம் செல்வது?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல் வலித்தால் எந்த வைத்தியரிடம் போவதென்று நம்மூரிற் சிறு பிள்ளைக்கும் தெரியும். வீட்டிலே ஒரு பிள்ளை மூன்று மாதமாய்ச் சரியாக உறங்கவில்லை, புத்தகத்தைத் தொடவில்லை, ஒருவரோடும் கதைக்கவில்லை என்றால் எங்கே போவது? அயலட்டைக்குத் தெரியாமற் சாத்திரம் கேட்போம், நூல் கட்டுவோம். கலியாணம் செய்து வைத்தால் எல்லாம் தீரும் என்பாரும் உளர். இவற்றுள் மிகப் பெரிய கேடு இந்தக் கடைசி யோசனைதான். ஒருவருடைய துன்பத்தோடு இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக் கட்டுகின்ற செயல் அது.

நேர்த்தி வைப்பதை நான் குறை கூறவில்லை. கோயிலுக்கும் போகட்டும், கிளினிக்குக்கும் போகட்டும். ஒன்றுக்காக மற்றதைப் பிற்போடுவதுதான் வேண்டாம்.

ஒரு காலத்தில் உளநோய் என்றதும் நம்மவர் நினைவுக்கு வந்தது கொழும்புக்கு அண்மையிலுள்ள அங்கொடை ஒன்றே. அங்கொடை வைத்தியசாலை 2008 ஆம் ஆண்டில் தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் மாறிற்று. நமது "அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்ற பகிடி மட்டும் மாறவில்லை. அந்தப் பகிடிக்கு அஞ்சியே எத்தனையோ பேர் படலையைத் தாண்டாமல் இருக்கிறார்கள்.

நிற்க. உதவி செய்வோர் யாவர்? மூவகையினரை நாம் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறோம். உளமருத்துவர் என்பவர் முதலில் வைத்தியராகித் தேறிப் பின்னர் உளநோய்த் துறையிற் பட்டமேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதுபவர் அவரே. மருத்துவ உளவியலாளர் மருந்து கொடுப்பதில்லை. முறையாகக் கதைத்தும் பயிற்சி கொடுத்தும் குணப்படுத்துபவர். இவர்கள் இலங்கை மருத்துவ சபையிற் பதிவு பெறுவர். ஆனால் நாடு முழுவதிலுமே தொகை சொற்பம். மூன்றாமவர் உளவளத்துணையாளர். இவர்களுட் பல்கலைக்கழகத்திற் கற்றோரும் உளர்; சில வாரப் பயிற்சியோடு பெயர்ப்பலகை மாட்டினோரும் உளர். ஆகவே, "எங்கே படித்தீர்கள்? எவ்வளவு காலம் பயின்றீர்கள்? எதிலே பதிவு செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்லவர் முகஞ்சுளிக்கமாட்டார். மருந்தை உடனே நிறுத்தச் சொல்பவர், இத்தனை நாளிற் குணமாகும் என்று சத்தியம் செய்பவர், முன்பணம் முழுவதையும் கேட்பவர் ஆகிய மூவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கே தொடங்குவது? யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும், வடமராட்சியாருக்கு மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. கட்டணம் இல்லை. தீவுப்பகுதியாரும் தென்மராட்சியாரும் கிட்டிய அரசாங்க வைத்தியசாலையிற் கிளினிக் நாளை விசாரிக்கலாம். வெளியிலே உளவியலாளரைத் தேடி அலைவதிலும் அங்கே முதலிற் செல்வதே மேல். யாரிடம் அனுப்பவேண்டும் என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். குடும்பப் பிணக்கு, பிள்ளைகளின் குழப்பம் போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்திலே உளவளத்துணைக்கென உத்தியோகத்தரை விசாரிக்கலாம். தொலைபேசியிற் கதைக்க விரும்புவோருக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

இத்துறை நம் மண்ணுக்குப் புதிதன்று. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் போரின் நடுவே இங்கிருந்து பணியாற்றி, அதன் மன வடுக்களைப் பற்றி 1998 இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். தனி மனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊருமே வடுப்படும் என்பதைப் பின்னரும் விரிவாக விளக்கினார். 1987 இல் யாழ்ப்பாணத்திலே தோன்றிய சாந்திகம், செல் விழுந்த நாட்களிலும் மக்களுக்கு உளவளத்துணை வழங்கியது. அத்தனை இடர்களுக்குள்ளும் உதவி தேடிப் போனவர்கள் இருந்தார்கள். இன்று பேருந்து ஓடுகிற பாதையிலே போக நமக்கு என்ன தடை?

ஒரு விஷயத்தைப் பெரியோர்கள் கவனிக்கவேண்டும். "இருந்தென்ன, செத்தென்ன" என்று பிள்ளை சொன்னால் வெருட்டுகிறான் என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தனியே விடாதீர்கள்; தோட்டத்து மருந்தைப் பூட்டி வையுங்கள். 1995 இல் இலங்கையிலே தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறக்குறைய 47 ஆக, உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்தபின் அது பெரிதும் இறங்கியது. கைக்கெட்டாமற் செய்தாலே பல உயிர் தப்பும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வாலிப நண்பர்களே, உங்களிடம் கேட்பது சிறியது. கூடப் போங்கள். முதல் நாள் அந்த வாங்கிலே தனியே இருப்பதுதான் கடினம். பழைய மருந்துச் சீட்டுகளையும், எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்கு உறக்கம் என்பதை எழுதிய ஒரு துண்டையும் கொண்டுபோங்கள். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று வெளியே வந்ததும் கேட்கவேண்டாம். அடுத்த கிளினிக் திகதியை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.