ஒரு கல்லறையும் ஒரு கொடிவழியும்



செங்கற்பட்டு வட்டாரத்தில் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஆண்டுதோறும் மாணவர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். ஒருமுறை அங்கிருந்து தெற்கே சதுரங்கப்பட்டினத்துக்கும் போனோம். டச்சுக்காரர் கோட்டையிலுள்ள கல்லறைகளில் குலச் சின்னங்களும் பெயர்களும் ஆழச் செதுக்கப்பட்டிருக்கின்றன. "இவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே, ஐயா?" என்று கேட்டான் ஒரு சிறுவன். என்னிடம் விடை இல்லை. ஓய்வு பெற்ற பின்னர், அதே கேள்வியை இக்கடற்கரையின் வடக்கே, சென்னையில் எழுப்பப்பட்ட மற்றொரு கல்லறையிடம் கேட்டுப் பார்த்தேன்.

சென்னை உயர்நீதிமன்றத்தை அடுத்த பழைய சட்டக் கல்லூரி வளாகம் ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் இடுகாடு. 1758-59இல் நடந்த பிரெஞ்சு முற்றுகைக்குப் பின் அங்கிருந்த கல்லறைகள் அகற்றப்பட்டன. அவற்றின் கற்கள் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலய முற்றத்தில் பாவப்பட்டன. தப்பியவற்றுள் ஒன்று, கூம்பாக உயர்ந்த ஒரு நினைவுத் தூண். அதன்கீழ் இருவர். ஒருவர் 1680இல் இறந்த கும்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸ். மற்றவன் டேவிட் யேல் என்னும் நான்கு வயதும் நிரம்பாத குழந்தை. இருவருக்கும் இரத்த உறவு கிடையாது. பின் ஏன் ஒரே கல்லறை?

ஆண்களின் பெயரை மட்டும் அடுக்கிக்கொண்டு போனால் இது விளங்காது. ஹின்மர்ஸின் மனைவி கேதரின், கணவர் இறந்த அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் எலிஹு யேலை மறுமணம் செய்துகொண்டார். புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் திருமணம் அதுவே. அவர்களுடைய மகன்தான் டேவிட். முதற்கணவரின் பக்கத்தில் இரண்டாம் கணவரின் பிள்ளையைக் கிடத்தியவர் அந்தத் தாய்.

எலிஹு யேல் 1649இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். அக்குடும்பம் கடல் கடந்ததும் ஒரு கைம்பெண்ணின் மறுமணத்தால்தான். எலிஹுவின் பாட்டி ஆன், தாமஸ் யேல் இறந்தபின் தியோபிலஸ் ஈட்டனை மணந்து, முதல் தாரத்துப் பிள்ளைகளோடு 1637இல் கப்பலேறினார். ஈட்டன் நியூஹேவன் குடியேற்றத்தின் ஆளுநரானார். ஆனின் மகன் டேவிட், எலிஹுவின் தந்தை. சில ஆண்டுகளில் அவர் குடும்பத்துடன் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார். இன்னொரு மகன் தாமஸ் அங்கேயே தங்கினார். அமெரிக்க யேல்கள் அவர் வழியினர். சென்னைக் குழந்தைக்குப் பாட்டன் பெயர். பேரன் என்றால் பெயரன் என்பது நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

இங்கே ஓர் எச்சரிக்கை. குழந்தை இறந்தது நம் கணக்கில் 1688 ஜனவரி. அக்கால ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25இல் பிறந்ததால், அவர்கள் கணக்கில் அது 1687. இதை அறியாதவர் இரண்டு குழந்தைகள் என்று எழுதிவிடுவார். பதிவேடுகளின் சங்கதி எனக்குத் தெரியும். பிறந்த நாள் அறியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் மாதத்து நாள் ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். அதை நம்பிக் கொடிவழி வரைபவர் பாடு பரிதாபம்!

எலிஹு 1687 முதல் 1692 வரை கோட்டையின் ஆளுநர். சொந்த வாணிகத்தில் பெரும்பொருள் சேர்த்தார். அவர் காலத்தில் அடிமைகளும் கப்பலேற்றப்பட்டனர். போற்றத்தக்க வாழ்வு என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கும் கேதரினுக்கும் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஆயினும் 1711இல் இலண்டனிலிருந்து ஜெரிமையா டம்மர் எழுதிய கடிதம், அவருக்கு மகன் இல்லை, வாரிசாகக் கனெக்டிகட்டிலிருந்து ஓர் உறவினனை அழைக்கிறார் என்கிறது. பெண்கள் கணக்கில் வரவில்லை! மக்களால் நிற்கும் பெயரினும் கல்லூரியால் நிற்கும் பெயர் மேல் என்ற கருத்தில் 1718இல் அவருக்கு எழுதினார் காட்டன் மேதர். அவ்வாண்டே ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 நூல்களும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும் நியூஹேவன் சென்றன. சரக்கு ஏறத்தாழ 562 பவுனுக்கு விற்றது. கல்லூரி யேல் ஆயிற்று.

மாமல்லபுரம் கண்ட பல்லவர்களைப் பிரமனிலிருந்து வரிசையிடும் காசாக்குடிச் செப்பேட்டிலும் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே. என் வீட்டிலும் அப்படித்தான். தந்தை வழியில் ஆறு தலைமுறை சொல்வேன். தாயைப் பெற்ற பாட்டியின் தாய் திருக்கழுக்குன்றத்துக்காரர் என்பதற்குமேல் அறியேன். அவர் பெயரை அறிந்தவர் எண்பது கடந்த என் சின்னம்மா ஒருவரே. வரும் ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டுடன் அவரைப் பார்க்கப் போகிறேன்.